கல், கண்ணாடி, பெயர்

1

வண்டியின் முன்கண்ணாடி உடைந்தால் அதை மாற்றுவதா, பசையூற்றி அடைப்பதா என்பது கண்ணாடிக் கடைக்காரரின் பிரச்சினை. உடைத்தது யார் என்பது காவல்நிலையத்தின் பிரச்சினை. இன்சூரன்ஸ் படிவத்தில் 'சேதம் ஏற்பட்ட விதம்' என்ற வரிக்கு எதிரே என்ன எழுதுவது என்பது மட்டும் எழுதுகிறவனின் பிரச்சினை. அந்த ஒற்றை வரிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

போன பங்குனியில் ஒருநாள், இருட்டுகிற நேரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கூட்டம் முடிந்து ராஜபாளையம் திரும்பிக்கொண்டிருந்தேன். இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். எனக்கு முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஓடைப்பாலத்துக் கட்டைச்சுவரில் இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடியின் மேல்மூலையில் நட்சத்திரம் போல ஒரு உடைசல். வீடு வந்து சேர்வதற்குள் அது ஒரு சாண் கீறலாகிவிட்டது. மறுநாள் உச்சிவெயிலில் நிறுத்தியிருந்தபோது என் கண்ணுக்கு நேராக ஓடி மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

டிப்பர் டயரிலிருந்து தெறித்த கல்லா, கையால் எறிந்த கல்லா? பையன்கள் எறிந்ததைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கார் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆல்ட்டோ. முந்தைய சொந்தக்காரர் முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் 'ஆண்ட பரம்பரை' என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். வாங்கிய அன்றே நான் அதைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன். எடுத்தும் போகவில்லை. எழுத்து இருந்த இடத்தில் வெயில் படாமல் இருந்ததாலோ, பசை ஊறியதாலோ, எதிர் வெளிச்சத்தில் 'பரம்பரை' மட்டும் இப்போதும் வாசிக்கக் கிடைக்கிறது. ஆண்ட பரம்பரை என்று எழுதிக்கொள்கிற சாதிகள் எங்கள் மாவட்டத்தில் ஐந்தாறாவது இருக்கும். எல்லாரும் ஆண்டார்கள் என்றால் ஆளப்பட்டவர்கள் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. எறியப்பட்ட கல்தான் என்றால் அது என்மீது எறியப்பட்டதல்ல, நான் சுரண்டி எடுத்த பெயர்மீது எறியப்பட்டது.

கண்ணாடிக் கடைக்காரர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். "சின்னப் புள்ளியா இருந்தா ரெசின் ஊத்தி அடைச்சிரலாம்ணே. இது ஓடிருச்சு. டிரைவர் பார்வைக்கு நேரா வேற வந்திருச்சு. மாத்தித்தான் ஆகணும்." மாற்றுவது முடிவாகிவிட்டது. யார் காசில் மாற்றுவது என்பது பாக்கி. மோட்டார் இன்சூரன்ஸில் ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தேய்மானம் என்று பாதிக் காசைப் பிடித்துக்கொள்வார்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. கண்ணாடி பழசாவதில்லை என்பது அவர்கள் சித்தாந்தம். ஆனால் சின்ன வண்டிக்குக் கட்டாயக் கழிவு ஆயிரம் ரூபாய். அதோடு, கிளெய்ம் வாங்காமல் இருந்த வருஷங்களுக்காக 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுகிற தள்ளுபடியும் ஒரே கிளெய்மில் போய்விடும். கூட்டிக் கழித்தால் கைக்காசு போட்டு மாற்றுவதுதான் லாபம் போலிருந்தது.

இருந்தாலும் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். படிவம் நிரப்பித்தருகிற தம்பி, "லாரி டயர்ல கல் தெறிச்சதுன்னு எழுதிருங்க சார். எறிஞ்சாங்கன்னு எழுதுனா ஸ்டேஷன் பேப்பர் கேப்பாங்க" என்றார். பாலிசியைப் புரட்டினால் தீ, திருட்டு, வெள்ளம், பூகம்பம் இவற்றோடு கலவரமும் வேலைநிறுத்தமும் தீய எண்ணத்துடன் செய்யப்பட்ட செயலும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. அதாவது கலவரத்துக்கும் இழப்பீடு உண்டு. ஆனால் அதைக் கலவரம் என்று எழுதினால் அலைச்சல், தற்செயல் என்று எழுதினால் பணம்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். இடது புருவத்தின் மேல் அவருக்கு ஒரு வடு உண்டு. சிரித்தார். "நாமளும் இத்தனை வருசமா வீட்டுல அப்பிடித்தான சொல்லிக்கிட்டோம், ஆக்சிடென்ட்டுன்னு."

2

1997இல் எனக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறையில் சித்தப்பா தலையில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். 'சித்தப்பாவுக்கு ஆக்சிடென்ட்' என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அந்தக் கோடையில் பல நாள் பஸ் ஓடவில்லை, ஓடினாலும் போலீஸ் முன்னும் பின்னும் வர ஓடியது என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது.

பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் பக்கத்திலேயே முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் கேட்டுப் பார்த்தால் தெரியவில்லை என்கிறார்கள். எனவே சொல்லிவிடுகிறேன்.

1972இல் தனியார் பேருந்துகளை அரசுடைமையாக்கத் தொடங்கியபோது உருவான கழகங்களுக்குப் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று பெயரிட்டார்கள். சங்க காலமும் டீசலும் கைகோத்த அந்தத் தருணம் தனியாக எழுதப்பட வேண்டியது. பின்னர் கழகங்கள் பிரியப் பிரியப் புதுப்பெயர்கள் தேவைப்பட்டன. கட்டபொம்மன், திருவள்ளுவர், தந்தை பெரியார், அண்ணா, ஜீவா, நேசமணி, மருது பாண்டியர், தீரன் சின்னமலை, ராணி மங்கம்மாள், பட்டுக்கோட்டை அழகிரி, அம்பேத்கர் என்று பட்டியல் நீண்டது. மாவட்டங்களுக்கும் அப்படித்தான். எங்கள் விருதுநகர் மாவட்டம் 1985இல் பிறந்தபோது காமராஜர் மாவட்டம். பக்கத்துச் சிவகங்கை, பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். பெயர் கொடுப்பது அரசுக்குச் செலவில்லாத மரியாதை. நிலம் கேட்டவனுக்கு, வேலை கேட்டவனுக்கு, பஞ்சாயத்தில் நாற்காலி கேட்டவனுக்குச் சிலையும் பெயரும் கொடுத்து அனுப்புவது நம் அரசியலில் நிலைத்துவிட்ட முறை. இதை நான் விமர்சனமாகத்தான் சொல்கிறேன். ஆனால் விமர்சனத்தை எந்த இடத்தில் தொடங்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல்லவனில் தொடங்குகிறோமா, சுந்தரலிங்கத்தில் தொடங்குகிறோமா?

1997இல் விருதுநகர் மாவட்டத்துக்கென்று தனிப் போக்குவரத்துக் கழகம் அமைத்து, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியது அன்றைய தி.மு.க. அரசு. சுந்தரலிங்கம் ஒட்டப்பிடாரம் பக்கம் கவர்னகிரியைச் சேர்ந்தவர், தேவேந்திர குலத்தவர், பாஞ்சாலங்குறிச்சி கட்டபொம்மனின் படைத்தளபதி. 1799 போரில் இறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார்.

தளபதியின் பெயரெழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள் தேவர் சமூகத்தில் ஒரு பகுதியினர். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் பேருந்துகள்மீது கல் விழுந்தது. கிராமங்களுக்குப் பரவியது. வீடுகள் எரிந்தன, இருதரப்பிலும் உயிர்கள் போயின.

இங்கே ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும். தென்காசிப் பக்கமிருந்து ராஜபாளையம் வழியாக மதுரைக்குப் போன கட்டபொம்மன் பேருந்துகளில் எல்லாச் சாதியாரும் இருபது வருஷத்துக்கு மேலாக ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். தலைவன் பெயரில் ஓடிய வண்டி தீட்டாகவில்லை. அவனோடு அதே போரில் நின்று அதே வருஷம் செத்த தளபதியின் பெயர் தீட்டாகிவிட்டது. வரலாற்றில் அந்த இருவருக்கும் எதிரே நின்றது கும்பினிப் பீரங்கி. 1997இல் தளபதிக்கு மட்டும் எதிரே நின்றது ரோட்டோரத்துக் கல். தீண்டாமை தொட்டால்தான் ஒட்டும் என்று சாத்திரம் சொன்னது. வாசித்தாலே ஒட்டும் என்ற நவீன நிலைக்கு அதைக் கொண்டுவந்தது எழுத்தறிவும் பெயர்ப்பலகையும். நவீனத்துவம் சாதியைக் கரைக்கும் என்று நம்பியவர்கள் இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள்.

பேருந்துப் புறக்கணிப்பு என்றதும் நமக்கு 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்தில் தொடங்கிய போராட்டம் நினைவுக்கு வரும். ரோசா பார்க்ஸ் கைதான பிறகு கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள். உட்கார இடம் மறுக்கப்பட்டவர்கள் ஏற மறுத்தது அது. நம் பக்கத்தில் ஏற மறுத்தவர்களுக்கு எல்லா இருக்கையும் திறந்தே இருந்தது. வடிவம் ஒன்று, உள்ளடக்கம் நேர் தலைகீழ். 'புறக்கணிப்பு', 'போராட்டம்', 'உணர்வு' என்ற சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு அரசியல் பேசுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். 'சாதி மோதல்' என்று பத்திரிகைகள் போட்டதும் அப்படிப்பட்ட ஒரு சொல்தான். மோதல் என்றால் இரண்டு பேரும் எதிரெதிரே வந்திருக்க வேண்டும். சுந்தரலிங்கம் யாரையும் மோத வரவில்லை, பேருந்தின் நெற்றியில் பெயராக இருந்தார்.

சித்தப்பாவுக்கு நடந்ததை அவர் வாயால் முழுதாகக் கேட்டது இப்போதுதான். கடைசி டிரிப், பொழுது சாயும் நேரம். "கல்லு வந்தது தெரியல. ஒரு செகண்டுல வெள்ளை வேட்டிய முகத்துல போத்துன மாதிரி ஆயிருச்சு. ரோடு இல்ல, ஆளு இல்ல. கையால குத்தி ஓட்டை போட்டுப் பாத்து ஓரங்கட்டுனேன். சட்டைக்குள்ள எல்லாம் கல்கண்டு மாதிரி கண்ணாடி."

இதில் ஒரு தொழில்நுட்ப விவரம் இருக்கிறது. அவர் ஓட்டியது பழைய வண்டி. அதன் முன்கண்ணாடி டஃபண்ட் வகை. காய்ச்சித் திடீரென்று குளிர்வித்துச் செய்வது. கத்தி போலத் துண்டாகாமல் அரிசியரிசியாக நொறுங்கும். ஆனால் நொறுங்கும்போது ஒரே கணத்தில் முழுக்கண்ணாடியும் வெள்ளையாகிவிடும், டிரைவர் குருடாகிவிடுவார். இன்னொரு வகை லேமினேட்டட். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். 1903இல் பிரெஞ்சு வேதியியலாளர் பெனடிக்டஸ் கைதவறிக் கீழே போட்ட குடுவை, உள்ளே காய்ந்திருந்த செல்லுலோஸ் படலத்தால் உதிராமல் நின்றதைக் கவனித்துக் கண்டுபிடித்தது. 1909இல் காப்புரிமை பெற்றார். கல் பட்டால் சிலந்திவலை போலக் கீறல் விழும், ஆனால் உதிராது, ஓரளவு பார்த்து ஓட்டலாம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சில ஆண்டு அவகாசம் கொடுத்து, அதன்பின் தயாராகும் வண்டிகளுக்கு முன்கண்ணாடி இந்த வகைதான் என்று கட்டாயமாக்கின. சித்தப்பாவின் வண்டி அதற்கு முந்தையது. இல்லாவிட்டால் அந்த வடு இருந்திருக்காது.

"யாரு எறிஞ்சது?" என்று கேட்டேன்.

"யாரு? நம்மாளுகதான்."

இந்த 'நம்மாளுக' என்ற சொல்லைத் தாண்டிப் போக எனக்கு வழியில்லை. நான் பிறந்த சாதி கல்லெறிந்தவர்களின் சாதி. சித்தப்பாவைத் தெருவில் கேட்டிருக்கிறார்கள், எப்படிடா அந்தப் பேரு போட்ட வண்டிய ஓட்டுற என்று. "ஸ்டியரிங்குல பேரு எழுதலயேன்னேன்" என்றார். அது வீரமா, நழுவலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த வண்டியை அவர் ஓட்டினார். அவர் நெற்றியில் விழுந்த கல்லை எங்கள் வீடு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆக்சிடென்ட் என்று சொல்லிக்கொண்டது. எங்கள் தலைமுறைக்குச் சாதி பரிமாறப்பட்டது பெருமைக் கதைகளால் மட்டுமல்ல, இப்படித் தற்செயலாக்கப்பட்ட கதைகளாலும்தான்.

3

அரசு என்ன செய்தது? உடைந்த கண்ணாடிகளை மாற்றியது. அதில் சிக்கல் ஒன்றுமில்லை. ரப்பர் பீடிங்கின் பள்ளத்தில் நூலைச் சுற்றிக் கண்ணாடியை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்து, உள்ளிருந்து ஒருவர் நூலை இழுத்துக்கொண்டே வந்தால் பீடிங் கவ்விக்கொள்ளும். தெரிந்த இரண்டு பேர் சேர்ந்தால் சீக்கிரம் முடிகிற வேலை. 1992ஆம் ஆண்டின் பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. கண்ணாடிக்கு விலைபோட்டு வசூலிக்க அதில் வழியுண்டு. பெயருக்கு ஏற்பட்ட சேதத்தை மதிப்பிட அதில் கலம் கிடையாது.

1997 ஜூன் 30ஆம் தேதி மதுரை மாவட்டம் மேலவளவில், ரிசர்வ் செய்யப்பட்ட பஞ்சாயத்தின் தலைவர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அது இங்கிருந்து தூரம், காரணமும் வேறு. ஆனால் காலத்தைக் கவனியுங்கள். அந்த ஜூலையில்தான் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் நீக்குவதென்று அரசு முடிவெடுத்தது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆனது, பசும்பொன் சிவகங்கை ஆனது. கட்டபொம்மனும் சேரனும் சுந்தரலிங்கமும் ஒரே நாளில் இறங்கிக்கொண்டார்கள். கழகங்கள் பிறகு ஊர்ப் பெயரோடு தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம் என்றாயின.

எல்லாருக்கும் சமம் என்பது நியாயமாகத்தான் கேட்கிறது. அன்று முற்போக்காளர்களிலும் பலர் இதை வரவேற்றார்கள். பெயர் அரசியல் ஒழிந்தது நல்லது, வண்டி ஓடினால் சரி என்றார்கள். ஊரே எரியும்போது முதலில் தீயணைக்க வேண்டாமா என்ற கேள்வியும் இருந்தது. உயிர்கள் போய்க்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. என் ஆட்சேபம் வேறு. கால் நூற்றாண்டு பல பெயர்கள் ஓடின, அரசு அசையவில்லை. ஒரு பெயர் சில வாரம் ஓடியதும் பெயரிடும் வழக்கமே தப்பு என்று ஞானம் பிறந்தது. 'எல்லாப் பெயரையும்' என்ற அந்தப் பொதுச்சொல், எறிந்தவர்கள் கேட்டது ஒரே ஒரு பெயரைத்தான் என்பதை மறைக்கிறது. மற்ற பெயர்கள் கொடுத்தது மொய். இவ்வளவு தலைவர்களை இறக்கியாவது இந்த ஒருவரை இறக்கிவிட முடியும் என்று கல்லுக்கு அன்று தெரிந்தது. சேத அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'எறியப்பட்ட கல்' என்றல்ல, 'எழுதப்பட்ட பெயர்' என்று எழுதியது அரசு.

அமெரிக்காவில் வில்சன், கெல்லிங் என்ற இருவர் 1982இல் அட்லாண்டிக் இதழில் 'உடைந்த ஜன்னல்கள்' என்ற கட்டுரை எழுதினார்கள். உடைந்த ஒரு கண்ணாடியைச் சரிசெய்யாமல் விட்டால் இங்கே கேட்க ஆளில்லை என்று தோன்றி மற்றவையும் உடையும் என்பது வாதம். 1990களில் நியூயார்க் போலீசுக்கு வேதமானது அதுதான். ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் சில்லறைக் குற்றங்களுக்காகப் பிடித்துப்போட அது பயன்பட்ட கதை தனி. அந்தக் கட்டுரையில் ஜிம்பார்டோ என்ற உளவியலாளர் 1969இல் செய்த ஒரு சோதனை வருகிறது. நியூயார்க்கின் பிராங்ஸில் நிறுத்திய காரைச் சீக்கிரமே பிய்த்து எடுத்துப் போனார்கள். கலிஃபோர்னியாவின் வசதியான பாலோ ஆல்ட்டோவில் நிறுத்திய கார் ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே நின்றது. ஜிம்பார்டோவே சம்மட்டியால் ஒரு போடு போட்டார். அதன் பிறகு போகிறவர் வருகிறவரெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு இதில் சுவாரசியமானது முதல் அடியை அடித்தது யார் என்பது. பேராசிரியர். கட்டுரை அதைச் சொல்லிவிட்டு, கண்ணாடியைப் பற்றிப் பேசப் போய்விடுகிறது. சீக்கிரம் மாற்று, ஒழுங்கு திரும்பும் என்கிறது. எங்கள் பக்கத்து அனுபவம் சொல்வது வேறு. கண்ணாடி சீக்கிரம்தான் மாறியது. எறிந்த கைக்குக் கேட்டது கிடைத்ததும் சேர்ந்தே நடந்தது. இங்கே கேட்க ஆளில்லை என்று சொன்னது உடைந்த கண்ணாடி அல்ல.

வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா? முடியும் என்பதற்கு இதே மண்ணில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1920களின் இறுதியில், ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அன்று தனியார் பஸ்களில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மாட்டார்கள். ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று அவர் உத்தரவிட்டார். உரிமையாளர்கள் வழிக்கு வந்தார்கள்.

அவரை ஒரு சாதிச் சங்கத் தலைவராகவும் வியாபாரிகளின் பிரதிநிதியாகவும் விமர்சிக்க நிறைய இருக்கிறது, விமர்சிக்கலாம். ஆனால் அந்த உத்தரவின் இலக்கணத்தைப் பாருங்கள். பயணியை இறங்கச் சொல்லவில்லை. அமைதி கருதி எல்லாரும் நடந்து போங்கள் என்று சொல்லவில்லை. மறுக்கிறவனின் உரிமத்தில் கைவைத்தது. ஒரு மாவட்டக் கழகத்துக்கு இருந்த அதிகாரம் அவ்வளவுதான், அதைச் சரியான பக்கம் திருப்பியது. எழுபது வருஷம் கழித்து, பஸ்ஸும் ரோடும் போலீசும் மொத்தமாகத் தன் கையில் இருந்த ஒரு அரசு, அதுவும் அந்தச் சுயமரியாதை மாநாட்டைத் தன் வரலாறாகச் சொல்லிக்கொள்கிற அரசு, மறுத்தவர்களின் பக்கம் போகாமல் மறுக்கப்பட்ட பெயரின் பக்கம் போனது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் திராவிட இயக்க வரலாற்றை, புகழ்ந்தோ வைதோ, எழுதுவதில் அர்த்தமில்லை.

பெயர் நீக்கம் எல்லாமே ஒன்று என்றும் நான் சொல்ல வரவில்லை. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வெட்டப்பட்டபின் நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னது, கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. அங்கே எடுக்கச் சொல்வது ஆதிக்கத்தின் முத்திரையை. 1997இல் எடுத்தது அந்த முத்திரைக்கு நடுவே முதன்முறையாக இடம் கேட்டு வந்த பெயரை. பிளேடு ஒன்றுதான், சுரண்டுகிற இடம் வேறு.

இறக்கிவிட்ட பெயர்கள் எங்கே போயின என்பதும் முக்கியம். பேருந்தின் நெற்றி சுத்தமானது. கார், வேன், ஆட்டோ, ஷேர் ஆட்டோவின் நெற்றிகள் நிரம்பின. செப்டம்பரிலும் அக்டோபரிலும் ராமநாதபுரம் நோக்கிப் போகிற வண்டிகளின் கண்ணாடிகளைப் பார்த்தால் போதும். முன்கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சம் போக வேண்டும் என்கிறது மோட்டார் வாகன விதி. பாக்கி முப்பதைப் பரம்பரைக்கு ஒதுக்கிக்கொண்டார்கள். பொதுவில் எல்லாரும் வாசிக்க வேண்டியிருந்த பெயர்ப்பட்டியல், அவரவர் வண்டியில் அவரவர் பெயர் என்று தனியார்மயமானது. கட்டபொம்மன் ஒரு சாதிக்கு, மருது ஒரு சாதிக்கு, சுந்தரலிங்கம் ஒரு சாதிக்கு. அரசுப் பேருந்தில் ஏற மறுக்கப்பட்ட சுந்தரலிங்கத்துக்குக் கிடைத்தது அவருடைய ஆட்களின் வண்டிகளில் மட்டும் இடம். சேரி என்பதற்கு வேறு என்ன விளக்கம் வேண்டும்?

4

கிளெய்ம் போடவில்லை. இதில் கொள்கை ஒன்றுமில்லை, கணக்குதான். 'எறியப்பட்ட கல்' என்று எழுத எனக்குச் சாட்சி இல்லை. 'தெறித்த கல்' என்று எழுதச் சித்தப்பாவின் புருவத்தைப் பார்த்த பிறகு கை வரவில்லை. ஐயாயிரத்துச் சொச்சம் கைக்காசு போட்டேன்.

கடையில் பழைய கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். வெயில் பின்னாலிருந்து விழுந்ததில் கீறலுக்கு மேலே 'பரம்பரை' நன்றாகத் தெரிந்தது. புதுசைப் பொருத்தியபின் பசை பிடிக்கட்டும், ரெண்டு மூணு மணி நேரம் எடுக்க வேண்டாம் என்று ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். "ஸ்டிக்கர் எதுவும் ஒட்டணுமாண்ணே?" என்று கேட்டார் கடைக்காரர். பாஸ்டேக் மட்டும் போதும் என்றேன்.

சித்தப்பா டீ குடிக்க வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி ஒன்று நின்று ஆளேற்றிக்கொண்டு போனது. அதன் நெற்றியில் ஊர்ப் பெயரும் தடம் எண்ணும் மட்டும்.

"என்னன்னு எழுதுன?"

"படிவத்துல ஒண்ணும் எழுதல சித்தப்பா. பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதலாம்னு இருக்கேன். நீங்க சொன்னதப் போடலாமா?"

கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "போடு. என் பேரு வேணாம். வண்டிப் பேரப் போடு."